ஓலைக் கூரையும் அரசு வீடும்: பேசாலைக் கரையில் வெப்பத் தடுப்பின் வரலாறு

மன்னார்த் தீவின் வடகரையில், மன்னார் நகருக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் அமைந்த பேசாலை, கடற்றொழிலையும் கத்தோலிக்க சமய வாழ்வையும் மையமாகக் கொண்டு வளர்ந்த பெருங்கிராமமாகும். இலங்கையின் வறண்ட வலயத்துக்குள்ளும் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றாகக் கணிக்கப்படும் மன்னார்க் கரையோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கிச் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய காலம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் உரியது. மலையின் மறைப்போ அடர்ந்த காட்டின் நிழலோ இல்லாத இத்தட்டைத் தீவில், பகல் முழுவதும் விழும் வெயிலை முதலில் ஏற்பது வீட்டின் கூரையே. ஆகவே இங்கு வாழ்ந்த எளிய மக்களின் வீட்டு வரலாறு பெரும்பாலும் கூரையின் வரலாறாகவே அமைந்துவிட்டது. அக்கூரை ஓலையிலிருந்து ஓட்டுக்கும் தகரத்துக்கும் கல்நார்த் தகட்டுக்கும் மாறிய கட்டங்கள் பலவற்றில் அரசின் பணமோ அரசின் விதியோ பங்கெடுத்துள்ளது. இந்த மாற்றங்களால் வீட்டின் ஆயுள் கூடியது, தீ பற்றிய அச்சம் குறைந்தது. ஆனால் ஓலை தந்துவந்த வெப்பக் காப்பு எந்த அரசுக் கணக்கிலும் எழுதப்படாமலேயே கைவிடப்பட்டது. அந்தக் கைவிடல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்நாட்டின் திட்டமும் வெயில்நாட்டின் தேவையும்

வெப்பத் தடுப்பு என்பது கூரை, சுவர், தரை ஆகியவற்றின் வழியாக வெப்பம் கடந்து செல்வதை மந்தப்படுத்தும் ஏற்பாட்டைக் குறிக்கும். அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால், காற்றைச் சிறு சிறு இடைவெளிகளில் அடக்கி வைத்திருக்கும் வைக்கோல், பஞ்சு, கம்பளி, நுரை போன்ற பொருள்களே இதற்குச் சிறந்தவை. ஏழைகளின் வீடுகளுக்கு இத்தகைய காப்பை அரசே செலவிட்டு அமைத்துத் தரும் வழக்கம் குளிர்நாடுகளில் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்துப் பரவியது. எரிபொருள் விலை ஏறியபோது வீட்டைச் சூடாக்க இயலாமல் முதியோரும் வறியோரும் துன்புற்றனர். அவர்களுக்கு எரிபொருள் வாங்கப் பணம் கொடுப்பதைவிட, உண்டாகும் வெப்பம் வெளியேறாமல் வீட்டையே திருத்தித் தருவது நிலைத்த பயன் தரும் என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளைக் காலநிலைக்கேற்பத் திருத்தும் திட்டம் உருவாகி இன்றுவரை தொடர்கிறது. பிரித்தானியாவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் கூரைக்கு அடியிலுள்ள பரண்களில் வெப்பத் தடுப்பு இடுவதற்கு மானியம் வழங்கியது. நியூசிலாந்து 2009-இல் இதே நோக்கில் ஒரு நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியது.

இத்திட்டங்கள் அனைத்தும் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதற்காக எழுந்தவை. பேசாலையின் தேவையோ வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது. திசை மாறினாலும் அடிப்படை அறிவியல் ஒன்றுதான்: வெயிலுக்கும் மனிதருக்கும் இடையில் வெப்பத்தை எளிதில் கடத்தாத ஓர் அடுக்கு வேண்டும். குளிர்நாட்டரசுகள் பணம் செலவிட்டு ஏழைகளுக்குச் சேர்த்துக் கொடுத்த அந்த அடுக்கு, மன்னார்க் கரையின் ஏழைகளிடம் ஏற்கெனவே இருந்தது. பனையும் தென்னையும் அதைத் தந்தன.

ஓலை தந்த காப்பு

மன்னார்த் தீவில் பனை, நெய்தல் நிலத்து வீட்டுக்குத் தேவையான பெரும்பாலான பொருள்களை வழங்கிய மரம். முற்றிய பனைமரத்தைப் பிளந்து கிடைத்த வைரப்பகுதி முகட்டு வளையாகவும், அதிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் கைமரங்களாகவும், அவற்றின் மேல் குறுக்காகப் பொருத்தப்படும் சிலாகைகளாகவும் பயன்பட்டது. வெட்டிய ஓலைகள் மிதித்துத் தட்டையாக்கப்பட்டு, பாரம் ஏற்றி அடுக்கப்பட்டு, உலர்ந்த பின் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வேயப்பட்டன. தென்னை வளர்ந்த இடங்களில் அதன் ஓலையை நீரில் ஊறவைத்துப் பின்னிய கிடுகு இதே பணியைச் செய்தது. சுவரிடத்தில் மண்ணோ, ஓலையால் கட்டிய செத்தை எனப்படும் தட்டியோ நின்றது. மீன்பிடிப் பருவத்துக்கு மட்டும் கடற்கரையில் எழுப்பப்பட்ட வாடிகளும் இதே முறையில் அமைந்தவையே.

இக்கூரையின் வெப்பத் தடுப்பு ஒரே காரணத்தால் விளைந்ததன்று. பல படையாக வேயப்பட்ட ஓலைகளுக்கு இடையில் காற்று அடங்கியிருந்ததால் மேற்பரப்பின் சூடு உட்பரப்பை எளிதில் எட்டவில்லை. ஓலை எடை குறைந்த பொருளாதலால் பகலில் வெப்பத்தைச் சேமித்து வைத்து இரவில் உள்ளே உமிழும் இயல்பும் அதற்கு இல்லை. ஞாயிறு மறைந்த சிறிது நேரத்திலேயே கூரை குளிர்ந்துவிடும். மழைநீர் தங்காமல் வடிவதற்காகச் செங்குத்தாக அமைக்கப்பட்ட சரிவு, வீட்டினுள் எழும் சூடான காற்று மனிதர் புழங்கும் உயரத்துக்கு மேலே சென்று தங்குவதற்கும் இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறுவதற்கும் இடம் தந்தது. சுவரைத் தாண்டித் தாழ இறங்கிய தாழ்வாரம், வெயில் சுவரில் நேரே படாமல் மறைத்தது. ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகமும், மாரிக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் செத்தையின் இடைவெளிகளூடாக வீட்டினுள் புகுந்து வெளியேறின. கட்டடவியல் நூல்கள் வெப்பத்தடை, நிழல், காற்றோட்டம் என மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கும் கூறுகள் இங்கு ஒரே அமைப்பில் பிணைந்திருந்தன. அவற்றைப் பிணைத்தவர்கள் பெயர் எழுதிவைக்காத கொத்தர்களும் தச்சர்களும் ஓலை வேய்ந்த பெண்களும் ஆண்களுமே.

ஆயினும் ஓலை வீட்டை இலட்சிய வீடாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஓலை உக்கும் பொருள். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாரிக்கு முன்னர் கூரையைப் பிரித்து வேய வேண்டியிருந்தது. அதற்கான ஓலையும் உழைப்பும் உறவினரின் ஒத்தாசையும் இல்லாத குடும்பங்கள், குறிப்பாகக் கணவனை இழந்த பெண்களின் வீடுகள், ஒழுக்குக் கூரையின் கீழேயே மாரியைக் கழித்தன. அடுப்பிலிருந்து பறந்த ஒரு தீப்பொறி, நெருங்கிக் கட்டிய கொட்டில்கள் பலவற்றை ஒரே பகலில் சாம்பலாக்க வல்லதாக இருந்தது. 1964 டிசம்பர் 22, 23 ஆகிய நாள்களில் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த பெரும்புயல் தலைமன்னார், மன்னார்ப் பகுதிகளையும் தாக்கியபோது, கடற்கரைக் குடியிருப்புகளின் வலுக்குறைவு எல்லோருக்கும் தெரியவந்தது. நீரிணையின் மறுகரையில், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் ஓலைக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்ததும் தமிழுலகம் மறக்க இயலாத துயரம். ஓலையை விட்டு நீங்க வேண்டும் என்று மக்கள் விரும்பியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அரசுகளின் வீடமைப்புக் கொள்கை அந்த விருப்பத்திலிருந்தே தன் நியாயத்தைப் பெற்றது.

ஓடும் கல்வீடும்

ஓலைக்கு மாற்றாக முதலில் வந்தது ஓடு. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தும் தட்டையான சுட்ட களிமண் ஓடு தென்னிந்தியக் கரையெங்கும் பரவிக் கடல்வழியே இலங்கைக்கும் வந்தது. பின்னர் இலங்கையின் மேற்குக் கரையில் தங்கொட்டுவை, வாய்க்கால் முதலிய இடங்களிலும் ஓட்டுத் தொழில் வேரூன்றியது. 1914-இல் தலைமன்னார் வரை நீண்ட தொடருந்துப் பாதை, தீவுக்குப் பொருள்கள் வந்துசேர்வதை எளிதாக்கியது. ஆலயம், பாடசாலை, வசதி படைத்தோரின் கல்வீடு ஆகியன ஓட்டைச் சூடிக்கொண்டன. ஓடு ஓலையளவு வெப்பத்தைத் தடுப்பதில்லை எனினும், ஓடுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் காற்றை வெளியேற விட்டன. உயர்ந்த முகடும் பரந்த விறாந்தையும் மீதிக் குறையை ஈடுசெய்தன. ஆனால் ஓட்டின் எடையைத் தாங்கப் பலமான மரச்சட்டமும் சுவரும் வேண்டும். ஆகவே அது நெடுங்காலம் ஏழை மீனவரின் கைக்கு எட்டாத பொருளாகவே இருந்தது.

வீடமைப்பில் அரசு நேரடியாக இறங்கியது விடுதலைக்குப் பிந்திய காலத்தில். 1954-ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டம் அரசுக் கடனுதவிக்கு வழிவகுத்தது. 1977-இல் ஆட்சிக்கு வந்த அரசில் வீடமைப்புப் பொறுப்பை ஏற்ற ரணசிங்க பிரேமதாச, 1978 முதல் 1983 வரை ஒரு இலட்சம் வீடுகள் திட்டத்தையும், 1984 முதல் 1989 வரை பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தையும் நடத்தினார். 1979-இல் உருவான தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை இவற்றின் கருவியாயிற்று. முதல் திட்டத்தில் அரசே வீடுகளைக் கட்டிக் கொடுக்க முயன்றது. செலவு தாங்காத நிலையில், இரண்டாம் திட்டம் சிறு கடனை வழங்கிக் குடும்பமே தன் வீட்டைக் கட்டவோ திருத்தவோ விடும் முறைக்கு மாறியது. உலகின் பல நாடுகள் அம்முறையைக் கவனித்தன. 1987-ஐ வீடற்றோருக்கான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியதற்கும் இலங்கையின் முன்மொழிவே தூண்டுதலாக இருந்தது. எனினும் இரண்டாம் திட்டத்தின் காலம் வடக்கில் போர் மூண்டெழுந்த காலமாகவும் இருந்ததால், அதன் முழுப்பயன் மன்னாருக்குக் கிட்டவில்லை.

இத்திட்டங்களின் பின்னணியில் ஒரு வகைப்பாடு அமைதியாகச் செயற்பட்டது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டின் வீடுகளை நிரந்தரமானவை, அரை நிரந்தரமானவை, தற்காலிகமானவை எனப் பிரிக்கிறது. சுவரும் தரையும் கூரையும் எந்தப் பொருளால் ஆனவை என்பதே அப்பிரிவுக்கு அடிப்படை. 2012-ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு கூரைகளை ஓடு, கல்நார்த் தகடு, கொங்கிறீட், துத்தநாக அலுமினியத் தகடு, உலோகத் தகடு, கிடுகு அல்லது பனையோலை அல்லது வைக்கோல் என வரிசைப்படுத்தியது. இந்த அளவுகோலில் ஓலை வீடு நிரந்தர வீட்டுக்கு ஒரு படி கீழானது. கல்நார்த் தகடும் சீமெந்துக் கல்லும் கொண்ட வீடு முழுமை பெற்றது. எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அளந்த அந்த வகைப்பாடு, நண்பகலில் உள்ளே மனிதர் இருக்க முடியுமா என்பதை அளக்கவில்லை. அளக்கப்படாத ஒன்றுக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை; அரசு வீடமைப்பில் வெப்பத் தடுப்பு இல்லாமற்போனதன் வேர் எவருடைய தீய எண்ணத்திலும் இல்லை, இந்த அளவுகோலின் குறைபாட்டிலேயே இருக்கிறது.

போரும் தகரமும்

1990-இல் போர் மீண்டும் வெடித்தபோது மன்னார்த் தீவு புகலிடமாகவும் புறப்படும் துறையாகவும் ஒருங்கே மாறியது. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் அவ்வாண்டில் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. போரிடும் இரு தரப்பும் தாக்காமல் விடவேண்டிய, மக்கள் தம் விருப்பப்படி வந்து தங்கிச் செல்லக்கூடிய இடங்கள் என்பதே திறந்த நிலையம் என்ற கருத்தின் பொருள். இடம்பெயர்ந்தோரும், தமிழகத்திலிருந்து திரும்பியோரும் பேசாலை நிலையத்தில் தங்கினர். அதே ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் எருக்கலம்பிட்டி போன்ற மன்னார்த் தீவுக் கிராமங்களின் மக்களும் அடங்குவர். புத்தளத்தில் அவர்கள் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது.

போர் ஓலையின் மூலத்தையும் தாக்கியது. காவலரண்களும் பதுங்குகுழிகளும் அமைக்க வடக்கெங்கும் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன; தோட்டங்களுக்குச் சென்று ஓலை வெட்டுவதே உயிருக்கு ஆபத்தான வேலையாயிற்று. ஓலை அரிதாகவும் நிவாரணத் தகரம் எளிதாகவும் கிடைத்த அந்த ஆண்டுகளில், வேயும் கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமல் தேயத் தொடங்கியது. 2009-இல் போர் முடிந்த பின்னர் மன்னாரின் பெருநிலப்பரப்புக் கிராமங்களுக்குத் திரும்பியோரும் தகரத் தகடுகளைக் கொண்டே முதற்கூரையை எழுப்பினர். தகரம் மெல்லியது, உலோகமாதலால் வெப்பத்தை உடனே கடத்துவது, வெயில் ஏறிய சிறிது நேரத்தில் அதன் அடிப்பக்கமே சூட்டைக் கீழ்நோக்கி வீசும். விரைவில் சேர்க்கவும் எடுத்துச் செல்லவும் ஏற்றதென்பதால் அவசரகாலத்தில் அதற்கு நிகரான பொருள் இல்லை. ஆனால் சில மாதங்களுக்கென எழுந்த தகரக் கொட்டில்கள் பல குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கான வீடாகிவிட்டன.

நீரிணைக்கு அப்பால் சென்றோரின் கதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. மன்னாரிலிருந்து படகேறியோர் பலர் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியே தமிழகத்தின் பல மாவட்டங்களிலுள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள முகாம் அறைகளில் ஒரு குடும்பம் முழுதும் முப்பது ஆண்டுகளைக் கழித்ததுண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. காலம் கடந்து வந்தாலும், அகதி என்ற நிலையிலிருந்த மக்களுக்கு உறுதியான வீட்டை ஓர் அரசு ஒதுக்கியது குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

மானிய வீடும் கல்நார்த் தகடும்

போரால் சிதைந்த வடக்கின் தோற்றத்தை மாற்றிய பெரும் முயற்சிகளுள் இரண்டு முதன்மையானவை. உலக வங்கியின் நிதியுடன் 2004 இறுதியில் ஒப்புதல் பெற்ற வட கிழக்கு வீடமைப்பு மீள்நிர்மாணத் திட்டம் முதலாவது. 2010-இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகள் கொண்ட இந்திய வீடமைப்புத் திட்டம் இரண்டாவது. இந்தியத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபர் 2 அன்று தொடங்கி, முழு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் வீதம், கட்டுமானம் முன்னேறும் கட்டங்களுக்கேற்பக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தியது. ஒப்பந்தகாரரிடம் பணத்தைக் கொடுக்காமல் வீட்டுக்காரரே கட்டும் இம்முறை, மக்களின் தன்மதிப்பைக் காத்தது. கொத்தரைத் தேர்வதும் பொருளை வாங்குவதும் அவர்கள் கையில் இருந்தன. வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் கதவும் பூட்டும் உடைய வீட்டைப் பெற்றன என்பதை எந்த விமர்சனமும் சிறிதாக்கிவிட முடியாது.

ஆனால் மானியத் தொகை நிலையானதாகவும் சீமெந்து, மணல், மரம் ஆகியவற்றின் விலை ஏறுவதாகவும் இருந்தபோது, குறையும் பணம் கடைசிக் கட்டமான கூரையையே சுருக்கியது. வடக்கின் ஓட்டுத் தொழிலும் போரில் செயலிழந்திருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இயங்கிய தொழிற்சாலை அதற்குச் சான்று. ஓட்டுக்கு மரச்சட்டம் கூடுதலாக வேண்டும். கல்நார்த் தகட்டுக்கோ சில வளைகள் போதும், சரிவும் குறைவாக இருக்கலாம், ஓரிரு நாளில் வேலை முடியும். ஆகவே மக்கள் 'சீற்' என்று சொல்லும் அந்தத் தகடு, வீடு கட்டும் ஏழைக்கு இயல்பான தேர்வாயிற்று. தாழ்ந்த சரிவும் மெல்லிய தகடும் சேர்ந்தபோது, சூடான காற்று மேலே சென்று தங்கும் இடமும் இல்லாமற்போய், கூரையின் வெப்பம் நேரே தலைக்கு மேல் இறங்கியது.

கல்நாருக்கு வேறொரு தீங்கும் உண்டு. வெள்ளைக் கல்நார் உட்பட அதன் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தகட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்நார்கள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பின் நோயாக வெளிப்படுகின்றன. இலங்கை அரசு 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024-க்குள் அதன் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்திருந்தது. ஆனால் 2017 டிசம்பரில், கல்நாரைப் பெருமளவு ஏற்றுமதி செய்யும் ரஷ்யா, தேயிலைச் சரக்கில் வண்டு காணப்பட்டதாகக் கூறி இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த சில நாள்களில் இலங்கை தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஏழையின் கூரை எந்தப் பொருளால் ஆகவேண்டும் என்பதைத் தொலைதூர வணிகமும் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெப்பம் அரசியல் வாதமாதல்

கூரையின் சூடு பொதுவிவாதத்தில் வெளிப்படையாக இடம்பெற்றது உருக்கு வீட்டுத் திட்டத்தின்போதே. வடக்கிலும் கிழக்கிலும் போரால் பாதிக்கப்பட்டோருக்கு 65,000 உருக்கு முன்னிணைப்பு வீடுகளை, அதாவது தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் வீடுகளை, ஆர்சலர் மித்தல் நிறுவனத்தைக் கொண்டு அமைக்க மீள்குடியேற்ற அமைச்சு 2016-இல் முனைந்தது. தளபாடங்களும் அடங்கிய அந்த வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்டது. அக்காலத்தில் கல்வீட்டு மானியம் 8 இலட்சமாக இருந்தது. தமிழ் அரசியல் தலைவர்களும் பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் இதை எதிர்த்தனர். விலை, ஊர்க் கொத்தருக்கு வேலையின்மை, பழுதடைந்தால் திருத்த இயலாமை, குடும்பம் பெருகும்போது அறை சேர்க்க முடியாமை என்ற காரணங்களுடன், வடக்கின் வெயிலுக்கு இவ்வீடு ஒவ்வாதது என்ற காரணமும் முன்வரிசையில் வைக்கப்பட்டது. 65,000 வீடுகள் என்ற அளவில் அத்திட்டம் நிறைவேறாமலே போயிற்று. வீட்டின் வெப்பநிலையும் குடிமகனின் உரிமையோடு தொடர்புடையது என்பதை அரசுக்கு எடுத்துரைத்த வகையில் அந்த விவாதம் வரலாற்று முக்கியத்துவம் உடையது. எனினும் உருக்கை மறுத்த அதே வாதம் கல்நார்த் தகட்டின் மீதும் தகரத்தின் மீதும் தொடர்ந்து செலுத்தப்படவில்லை. வென்ற கல்வீட்டின் கூரை எத்தகையது என்று கேட்பாரில்லை.

இக்கேள்வி பேசாலை போன்ற கடற்றொழில் ஊருக்கு வாழ்வாதாரக் கேள்வியாகும். இரவில் கடலுக்குச் சென்று விடியலில் கரைசேரும் மீனவர் உறங்க வேண்டிய நேரம் முற்பகலும் நண்பகலுமே. கூரை கொதிக்கும் நேரத்தில் உறக்கம் கெட்டவர் அடுத்த இரவும் கடலில் விழித்திருக்க வேண்டும். வீட்டோடு இருக்கும் பெண்கள், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோருக்குப் பகல்வெப்பத்திலிருந்து விலகிச் செல்ல வேறிடம் இல்லை. மின்விசிறி சிறிது ஆறுதல் தரும். ஆனால் சூடேறிய கூரையின் கீழ் அது சூடான காற்றையே சுழற்றுகிறது. மேலும் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் கடுமையாக உயர்த்தப்பட்டபோது, விசிறியைச் சுழலவிடுவதே வறிய குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்துச் செய்யும் செலவாகிவிட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்கா 103.5 மெகாவாற் மின் உற்பத்தித் திறன் கொண்டது. தீவின் காற்று நாட்டுக்கே மின்சாரம் வழங்குகையில், அத்தீவின் வறிய வீடுகள் வெப்பக் காப்பின்றி நிற்பது நீதிக்கணக்கில் தீர்க்கப்பட வேண்டிய நிலுவையாகும்.

அறிந்த வழிகள்

வெயில்நாட்டு அரசுகள் சில இப்போது இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளன. 2010-ஆம் ஆண்டின் கொடிய வெப்ப அலைக்குப் பின் அகமதாபாத் நகரம் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து, பின்னர் ஏழைகளின் கூரைகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு அடிக்கும் பணியையும் அதனோடு சேர்த்தது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. குளிர்கூரை என்பது வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சாமல் பிரதிபலிக்கும் மேற்பரப்பு உடைய கூரை. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதே ஆண்டில் அது தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகத்தை இலக்காகக் கொண்டு, 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 இலட்சம் இந்திய ரூபாய் வழங்குகிறது. அதன் பெரும்பகுதிக்குக் கொங்கிறீட் கூரையே விதிக்கப்பட்டுள்ளது. தடித்த கொங்கிறீட் தளம் பகலின் வெப்பத்தைச் சேமித்து இரவில் உமிழும் இயல்புடையது என்பதால், குடிசையை நீக்கும் திட்டமும் வெப்பத்தைத் தடுக்கும் திட்டமும் ஒரே கோப்பில் இணைய வேண்டிய தேவை நீரிணையின் இரு கரைகளிலும் உள்ளது. சென்னையில் பழைய தளங்களின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இட்டு அதன் மேல் தட்டோடு பதித்த வழக்கம், கொத்தர் மரபிலும் பொதுப்பணித்துறையின் கட்டுமானத்திலும் நெடுங்காலம் நிலைத்திருந்த வெப்பத் தடுப்பு முறையே.

மன்னார்க் கரைக்கு ஏற்ற வழிகளும் அறியப்படாதவை அல்ல. கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுவருக்குள் காற்றறை விட்டுக் கட்டும் முறை, கல்லின் செலவையும் குறைத்து வெப்பத்தையும் தடுக்கிறது; ஐக்கிய நாடுகளின் வாழிட அமைப்பு வடக்கின் வீடமைப்புப் பணிகளில் இத்தகைய முறைகளை ஊக்குவித்துள்ளது. தகட்டுக்கு அடியில் இடைவெளி விட்டுப் பொருத்தும் பிரதிபலிப்புத் தாள், மேற்பரப்பில் ஆண்டுதோறும் அடிக்கும் சுண்ணாம்பு வெள்ளை, முகட்டில் விடும் காற்றுவழி, சுவரை மறைக்கும் தாழ்வாரம், வீட்டின் மேற்குப் பக்கத்தில் நடும் வேம்பு என்பன ஒவ்வொன்றும் சிறு செலவில் பயன் தருவன. தகரத்தின் மேல் கிடுகைப் பரப்பிக் கட்டும் குடும்பங்கள், அரசு கொடுத்த கூரையின் குறையைப் பழைய அறிவால் தாமே ஈடுசெய்கின்றன. 1978-இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனையோலைக் கைத்தொழிலை வளர்த்துவந்துள்ளது. தகட்டுக்கு அடியில் பொருத்தும் ஓலைத் தட்டிகளையும் அத்தொழிலின் உற்பத்தியாக்கினால், பெண்களுக்கு வருமானமும் வீடுகளுக்குக் காப்பும் ஒருசேரக் கிடைக்கும்.

அரசு நிதியில் வெப்பத் தடுப்பு வழங்கும்போது எச்சரிக்கையும் வேண்டும். ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடாவில், 1977-இல் தொடங்கிய வெப்பத் தடுப்பு மானியத்தைப் பெற்று, சுவர்களுக்குள் யூரியா போர்மல்டிகைட்டு நுரையை நிரப்பிக்கொண்ட வீடுகள் பல. அந்நுரை நச்சுவாயுவை வெளியிடுவதாக எழுந்த அச்சத்தால் 1980-இல் அது தடைசெய்யப்பட்டது. நிரப்பிய நுரையை அகற்ற அரசு மீண்டும் பணம் செலவிட நேர்ந்தது. விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து ஒரு பொருளைப் பரப்பினால், மானியம் பெற்ற ஏழையே அதன் தீங்கையும் சுமப்பார் என்பதைக் கனடாவின் நுரையும் இலங்கையின் கல்நாரும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

பேசாலையின் கூரைகள் கடந்துவந்த வழியை முழுமையாக நோக்கும்போது, ஓலைக்குத் திரும்புவது தீர்வாகாது; தீக்கும் புயலுக்கும் அஞ்சிய மக்கள் விரும்பிப் பெற்ற உறுதி அவர்களுக்கு உரியது. ஆனால் ஓலை ஆற்றிய பணிகளுள் மழைத் தடுப்பை மட்டும் புதிய பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, வெப்பத் தடுப்பை எவரிடமும் ஒப்படைக்காமல் விட்டது வீடமைப்புக் கொள்கையின் பிழை. அதைத் திருத்துவதற்குப் புதிய அமைப்போ பெருநிதியோ தேவையில்லை. அத்திவாரமும் சுவரும் கூரையும் முடிந்தனவா என்று பார்த்துத் தவணைப் பணத்தை விடுவிக்கும் நடைமுறை ஏற்கெனவே உள்ளது. அந்தக் கூரைக் கட்டத்தின் பரிசோதனையில் வெப்பத் தடுப்பையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, அதற்கான தொகையை மானியத்தில் தனி இனமாக ஒதுக்க வேண்டும். முன்னைய திட்டங்களில் கட்டப்பட்ட வீடுகளுக்குத் திருத்த மானியம் வழங்க வேண்டும். தொகைமதிப்பின் வினாக்கொத்தில் கூரையின் பொருளோடு அதன் அடியில் காப்பு உண்டா என்ற வினாவும் இடம்பெற வேண்டும். நிரந்தர வீடு என்ற சொல்லுக்கு அரசு தரும் வரையறையில், நண்பகலில் ஒரு மீனவர் உறங்கக்கூடிய வீடு என்பதும் சேரும்போதே, அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செலவிட்ட பொதுப்பணம் தன் நோக்கத்தை முழுமையாக அடையும்.